நாலாவது பிள்ளைக்கும் ஒரு ஜோடி சப்பாத்து

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கில் குறுக்கோட்டம் ஓடும் நம் பெண் பிள்ளைகளுக்காக இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். பள்ளிகளில் ‘மெரெந்தாஸ் டேசா’ என்பார்களே, அதுதான். புல், சேறு, மேடு, இறக்கம் என்று கால் வைக்கக் கிடைக்கும் தரையிலெல்லாம் ஓட வேண்டும். எங்களிடம் இப்போது ஆறு பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். இளையவள் படிவம் ஒன்று, மூத்தவள் படிவம் ஐந்து. ஆறு பேருக்கும் சேர்த்து ஓராண்டுப் பயிற்சிச் செலவு 12,000 வெள்ளி. பெற்றோரும் செயற்குழுவினருமாக 4,300 வெள்ளி போட்டுவிட்டோம். மீதமுள்ள 7,700 வெள்ளிக்குத்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம்.

எதற்கு ஆறு பேர், நன்றாக ஓடும் ஒரு பிள்ளையைப் பிடித்து வளர்த்தால் போதாதா என்று போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு போட்டிக்கு நான்கு பிள்ளைகளை அழைத்துப் போனோம். முந்தின இரவெல்லாம் மழை. பாதை முழுக்கச் சேறு. எங்கள் பிள்ளைகளில் முதல் மூவரும் நல்ல இடத்தில் வந்து சேர்ந்தார்கள். நாலாவது பிள்ளையைக் காணவில்லை. படிவம் இரண்டில் படிக்கிறவள், அதிகம் பேசமாட்டாள், பயிற்சிக்கு ஒருநாள் தவறமாட்டாள். தேடிக்கொண்டு போனால், ஓர் இறக்கத்தின் அடியில் பாதையோரமாக உட்கார்ந்திருக்கிறாள். வலது சப்பாத்தின் அடிப்பாகம் முன்னாலிருந்து பாதிவரை பிளந்து தொங்குகிறது. அதற்கு முந்தின நாள் இரவு அம்மாவும் அவளுமாகப் பசை போட்டு ஒட்டி, மேலே நான்கு ரப்பர் பேண்ட் சுற்றி, அரிசிப் பையைப் பாரமாக வைத்துக் காய வைத்திருக்கிறார்கள். சேற்று ஈரத்தில் பசை விட்டுப் போய்விட்டது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் வெறும் காலுறையோடு கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறாள். கல் குத்திய பிறகுதான் உட்கார்ந்தாள்.

குறுக்கோட்டத்தில் குழுவுக்கென்று தனிக் கணக்கு உண்டு. அந்தப் போட்டியில் நால்வர் ஓடி முடித்தால்தான் குழு. மூவர் முடித்தால் குழுப் பட்டியலில் பெயரே வராது. மூன்று பிள்ளைகளின் உழைப்பு அன்று கணக்கில் ஏறாமல் போனது. திரும்பி வரும்போது வேனில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள்: “என்னாலதான் அக்கா.” அந்தச் சப்பாத்தை வீடு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாள்.

அவளால் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்களால்தான். கையில் இருந்த காசுக்கு அந்த வருஷம் மூன்று ஜோடிதான் வாங்க முடிந்தது. முன்னால் ஓடும் மூவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, நாலாவது பிள்ளைக்கு அடுத்த தடவை பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

உலக அளவிலும் இதே கணக்குதான். உலகக் குறுக்கோட்ட வெற்றியாளர் போட்டியில் பெண்கள் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். அவர்களில் முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாட்டுக்குக் குழுத் தங்கம். 2019 மார்ச்சில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்த ஓட்டத்தின் பதிவை ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் கூரையே புல் வளர்ந்த சரிவு. ஓட்டக்காரர்கள் அந்தக் கூரை மேல் ஏறி இறங்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படி ஏறிப் பழகிய பிள்ளைகளே அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். முதலில் வந்தவர் கென்யாவின் ஹெலன் ஒபிரி. இரண்டாவது தேரா திதா, மூன்றாவது லெதெசென்பெத் கிதே, இருவரும் எத்தியோப்பியா. குழுத் தங்கமும் எத்தியோப்பியாவுக்கே போனது. “முதல்ல வந்தது கென்யாதானே அக்கா, அப்புறம் எப்படி?” என்று கேட்டது யார் தெரியுமா? அந்த நாலாவது பிள்ளைதான். கரும்பலகையில் இடங்களை எழுதிக் கூட்டிக் காட்டினோம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு 2017இல் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்ததைச் சொன்னோம். பெண்கள் ஓட்டத்தில் முதல் ஆறு இடமும் கென்யாவுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கூட்டினால் பத்து. பத்துக்குக் கீழே இறங்க எந்த நாட்டாலும் முடியாது. ஐரீன் செப்தாய் முதலிடம் வாங்கினார் என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அந்தப் பத்துப் புள்ளியை எழுதியது அவருக்குப் பின்னால் வந்த பெண்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் கிதே முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். முடிவுக்கோடு கண்ணெதிரே தெரிகிறது. அப்படியே கால் தளர்ந்து விழுந்துவிட்டார். பின்னால் வந்த கென்யாவின் பீட்ரிஸ் செபெத் தாண்டிப் போய்த் தங்கம் வாங்கினார். கிதேவை ஒருவர் தூக்கிவிட்டதால் விதிப்படி அவருடைய முடிவு செல்லாமல் போனது. ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பி வந்த நாடாக இருந்தால் அன்று வெறுங்கையோடு திரும்பியிருக்கும். எத்தியோப்பியாவுக்குக் குழு வெள்ளி கிடைத்தது, மற்றப் பெண்கள் ஓடி முடித்தார்கள் என்பதால். ஆறு பேர் எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, அவரே ஒரு ஜோடி சப்பாத்துக்குக் காசு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெண்களுக்கு இந்த ஓட்டம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஒலிம்பிக்கில் 1912 முதல் 1924 வரை குறுக்கோட்டம் இருந்தது, ஆண்களுக்கு மட்டும். 1967இல் வேல்ஸ் நாட்டின் பேரி நகரில் பெண்களுக்கான அனைத்துலக ஓட்டத்தில் அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன் வென்றார். அதிலிருந்து தொடர்ந்து ஐந்து ஆண்டு அவரை யாரும் முந்தவில்லை. உலகப் போட்டி 1973இல் பெல்ஜியத்தின் வாரெகெமில் தொடங்கியது. நார்வேயின் கிரேத்தா வைட்ஸ் அதில் ஐந்து முறை வென்றார். அப்படியும் 2015இல் சீனாவின் குயியாங்கில் ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8 கிலோமீட்டர்தான் வைத்தார்கள். கம்பாலாவில்தான் இரு தரப்புக்கும் ஒரே 10 கிலோமீட்டர் ஆனது.

நம் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் நான் செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். ரப்பர் மரங்களுக்கு நடுவே, காய்ந்த இலை சரசரக்க ஓடியிருக்கிறேன். ஆறாம் ஆண்டில் பள்ளிக் குறுக்கோட்டத்தில் முதலாவதாக வந்தேன். அதற்கு அடுத்த வருஷம் எனக்குச் சடங்கு செய்தார்கள். அது முடிந்த மறுவாரம் பாட்டி என் சப்பாத்தை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். திட்டவில்லை, கோபப்படவில்லை. “போதும்மா, ஓடினது” என்றார், அவ்வளவுதான். பாட்டி மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. இருட்டோடு எழுந்து பால் மரம் வெட்டப் போனவர் அவர். அந்த இருட்டில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன பயம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அலமாரியிலிருந்து அந்தச் சப்பாத்தை எடுத்துக் கொடுக்க ஒருவராவது வந்திருக்கலாம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் பெண்கள் ஓடாதவர்கள் இல்லை. எம். ராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடினார். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதே வருஷம் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவருக்குத்தான். அறுபது வருஷத்துக்கு முன்பு ஒரு தமிழ்ப் பெண் எட்டிய உயரம் அது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டதே எங்கள் பயிற்சியில்தான்.

இப்போது பயிற்சி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடிகாலை ஐந்தரைக்கு வேன் கிளம்புகிறது. பாயா தெருபோங் அடுக்குமாடி வீடுகளில் மூன்று பேர், குளுகோரில் இரண்டு பேர், ஜெலுத்தோங்கில் ஒருத்தி. ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு தாமான் பெலியா வந்து சேர ஆறே கால். பினாங்கில் நன்றாக வெளிச்சம் வர ஏழே காலாவது ஆகும். அதற்குள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, விடிந்ததும் தாவரத் தோட்டத்துப் பக்கம் ஓடி, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறி இறங்குவார்கள். எட்டரைக்கு மேல் ஓட விடுவதில்லை. 2007இல் கென்யாவின் மொம்பாசாவில் உலகப் போட்டி நடந்தபோது நம்மூர் மாதிரியே கடலோர வெக்கை, புழுக்கம். உலகத் தரத்து ஓட்டக்காரர்களையே அந்த வெயில் வாட்டி எடுத்துவிட்டது. பெண்களில் நெதர்லாந்துக்காக ஓடிய லோர்னா கிப்ளகத் வென்றார். வளரும் பிள்ளைகளை அந்தச் சோதனைக்கு நாங்கள் உட்படுத்த மாட்டோம்.

ஓடி முடித்ததும் பசியாற அவித்த முட்டை, வாழைப்பழம், மைலோ. அங்கே குரங்குகள் அதிகம், அதனால் பழச் சீப்பை வேனுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறோம். சேறு படிந்த சப்பாத்தைக் குழாயடியில் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அப்படிப் பார்த்துக்கொண்டாலும் வளரும் காலுக்கும் இந்தத் தரைக்கும் ஒரு ஜோடி வருஷம் முழுக்க வராது.

செலவுக் கணக்கு இது. ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு ஜோடி, ஜோடி 220 வெள்ளி வீதம் 2,640 வெள்ளி. வேனுக்கு வாரம் 80 வெள்ளி, 48 வாரத்துக்கு 3,840. பசியாற வாரம் 45 வெள்ளி வீதம் 2,160. போட்டிப் பயணமும் தங்கும் செலவும் 1,500. முதலுதவிப் பயிற்சியும் மருந்துப் பெட்டியும் 960. மீதி 900 வெள்ளி பிள்ளைகளின் விளையாட்டு உள்ளாடைக்கும் மாதவிலக்கு நாள் பேடுக்கும். இதையெல்லாம் நோட்டீஸில் எழுத வேண்டுமா என்று செயற்குழுவில் ஒருவர் தயங்கினார். எழுதத்தான் வேண்டும். போன இரண்டு வருஷத்தில் பயிற்சியை விட்டு நின்ற பிள்ளைகளின் அம்மாக்களை வீடு தேடிப் போய்க் கேட்டோம். ஒருவர் சொன்ன காரணம் இது, இன்னொருவர் சொன்னது இருட்டில் பஸ் ஏறி அனுப்பப் பயம் என்பது. வேன் ஏற்பாடு செய்த பிறகு அதில் ஒரு பிள்ளை திரும்ப வந்துவிட்டாள்.

பயிற்சி கொடுப்பவர்கள் முன்னாள் ஓட்டக்காரர்கள் இருவர். சம்பளம் வாங்குவதில்லை. செயற்குழுவில் யாருக்கும் படி கிடையாது. பிள்ளைகள் ஓடும் இடத்தில் செயற்குழுப் பெண்கள் குறைந்தது இருவர் எப்போதும் இருப்போம்.

ஐம்பது வெள்ளியோ ஐந்து வெள்ளியோ, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். ஒரு ஜோடி சப்பாத்தை, ஒரு மாத வேன் செலவை ஒரு குடும்பமாக ஏற்றுக்கொள்ள விரும்பினாலும் சொல்லுங்கள். பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் அன்னதானம் செய்கிறவர்கள், ஒரு மாதம் இந்தப் பிள்ளைகளின் பசியாறலை ஏற்றுக்கொண்டால் மனமார ஏற்போம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள். முன்னால் ஓடுபவளுக்குத் தனியாகப் பரிசு கொடுக்க விரும்பிய ஓர் அன்பரிடம் இதையே பணிவோடு சொன்னோம். வரும் காசு ஆறு பேருக்கும் சமமாகத்தான் போகும்.

ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது கொடுப்போம். வருமான வரிக் கழிவுக்கு இந்த ரசீது உதவாது என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை எழுதி, நன்கொடையாளர் எல்லாருக்கும் அனுப்புவோம். 7,700 வெள்ளி சேர்ந்ததும் வசூலை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்வோம்.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை முதல் ஒன்பது வரை தாமான் பெலியா நுழைவாயில் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். அப்படியே பிள்ளைகள் ஓடுவதையும் பார்த்துவிட்டுப் போங்கள். யாராவது நின்று பார்த்தால் அவர்கள் ஓட்டமே வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் வீட்டில் அதிகம் போடாத, அடிப்பாகம் தேயாத ஓட்டச் சப்பாத்து இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். எங்களுக்கு வேண்டிய அளவு 4, 5, 6. அளவு 5 இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. நாலாவது பிள்ளைக்கும் அந்த அளவுதான்.

இங்ஙனம்,
செயலாளரும் செயற்குழுவினரும்,
பினாங்கு