‘ஐ பிட்டி யூ’ என்று எழுதியது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மழைதான் இல்லை. சித்தி வீட்டுக் கிணறு வற்றி, வாரம் ஒரு லாரி தண்ணீர் வாங்குகிறார்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. லீட்ஸில் குளிர் அதிகமாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

மருமகளின் அப்பா தவறியபோது நான் அனுப்பிய மெசேஜைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘ஐ பிட்டி யூ, மை டாட்டர்’ என்று போட்டிருந்தேன். அன்று ராத்திரியே கூப்பிட்டு, “ஏன்ப்பா, இப்படி யாராவது எழுதுவாங்களா?” என்றாய். அதற்கப்புறம் நாலு ஞாயிறு போய்விட்டது. நடுவில் ஒரு நாள் வீடியோவில் மூன்று நிமிஷம் வந்தாய். உன் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிந்தது. உங்கள் ஹாலில் நீலம் அல்லவா? பெயிண்ட் அடித்திருப்பீர்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான். முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவனுக்கே பாடமா என்று. அப்புறம் பச்சைப் பெட்டியைத் திறந்து பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான்.

நம் ஊரில் ‘பாவம்’ என்று யாரையும் சொல்லிவிடலாம். வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிற தபால்காரரும் பாவம், கலெக்டருக்குப் பல்வலி வந்தால் அவரும் பாவம். சொல்கிறவனுக்கு அதனால் ஒரு உயரமும் வருவதில்லை. அந்தப் பாவத்தைத்தான் நான் இங்கிலீஷில் போட்டேன். ஆனால் பிட்டியை ஆள் பார்த்துச் சொன்னால் மாடியில் நின்று குனிந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் ‘வாட் எ பிட்டி’ என்றால் யாருக்கும் வலிக்காது. ‘ஐ பிட்டி யூ’ சண்டைக்கு இழுக்கிற பேச்சு. இத்தனைக்கும் பக்தியைக் குறிக்கிற பைட்டியும் இதுவும் ஒரே லத்தீன் வேரில், பியடாஸில், வந்தவை. பதெட்டிக்கும் அப்படித்தான் கெட்டுப்போனது. முன்பு மனசை உருக்குவதற்குச் சொன்னார்கள், இப்போது கேவலம் என்பதற்குச் சொல்கிறார்கள். ரூத் என்றாலே இரக்கம்தானாம். அதை இன்று யாரும் பேசுவதில்லை, ரூத்லெஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

துக்க வீட்டுக்குப் பொருந்துவது சிம்பதி. கிரேக்கத்தில் கூடச் சேர்ந்து உணர்வது என்று பொருள். எம்பதி அதைவிடப் புதுசு. ஜெர்மன் சொல் ஒன்றுக்கு ஈடாக 1909இல் டிட்ச்னர் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. அதை நான் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. பிட்டி, சிம்பதி, கம்பாஷன் மூன்றையும் ஒரே அடைப்புக்குள் போட்டு, எதிரே ‘இரக்கம்’ என்று எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் அதை நம்பி எங்கெங்கே போய் எழுதினார்களோ.

சரி, அகராதிக்கு அடியில் ஒரு கார்பன் நகல் இருந்தது. எது என்று உனக்கே தெரிந்திருக்கும். 2011இல் அட்டெண்டன்ஸ் குறைந்து உன் ஹால் டிக்கெட்டை நிறுத்தியபோது துறைத்தலைவருக்கு எழுதியது. ‘கைண்ட்லி டேக் பிட்டி ஆன் மை சன்.’ உனக்கு வலிப்பு என்று ஒரு பொய்யையும் சேர்த்திருந்தேன். அவர் அதைக் கிளார்க்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். நீ சுவரில் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஹால் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் நான் உனக்கு ரோஸ்மில்க் வாங்கினேன். நீ குடிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாய். திமிர் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்று கடைத்தெருவில் யார் கேட்டாலும் பையன் லீட்ஸில் இருக்கிறான் என்று நிமிர்ந்து சொல்கிறேன். அன்றைக்கு உன்னைப் பாவப்பட்டவனாக்கி மனு எழுதினவனும் நான்தான். என்னடா ஆச்சு, ஏன் காலேஜுக்குப் போகலை என்று அந்த மூன்று மாசத்தில் ஒரு தடவை உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இங்கிலீஷில் எழுதத் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரியவில்லை.

மெசேஜைத் திருத்தி எழுதியிருக்கிறேன். ‘ஐ ஆம் ஸோ சாரி. ஐ ஆம் திங்கிங் ஆஃப் யூ அண்ட் யுவர் மதர்.’ இது சரியா பார். சரி என்றால் நான் நேரே அவளுக்கு அனுப்பட்டுமா, நீயே சொல்லிவிடுவாயா? எது தோதோ அப்படிச் செய். நேரே அனுப்பு என்று சொன்னாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

சாப்பாட்டை விடாதே. அந்த வெள்ளைச் சுவர் ரூமில் ஹீட்டர் இருக்கிறதா?

அப்பா