குட்டியோடு அதன் சாப்பாட்டுக் குறிப்பையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களைக் கடைசி வரி வரை படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. சென்ற ஞாயிறு "லேப்ரடார் குட்டிகள், 45 நாள், விற்பனைக்கு" என்று மூன்று விளம்பரங்கள் வந்திருந்தன. போன ஆவணியில் எங்கள் வீட்டில் பட்ட பாடு உடனே நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேத்தியின் பிறந்தநாளுக்காக என் மகன் இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போய், பெட்டைக் குட்டி ஒன்றை வாங்கி வந்தான். சரியாக 45 நாள். முத்து என்று பெயர் வைத்தோம். என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று விற்றவரிடம் கேட்டதற்கு, "எது போட்டாலும் சாப்பிடும் சார்" என்றாராம். வரும் வழியில் ஒரு பெட் ஷாப்பில் இருப்பதிலேயே விலை கூடிய பாக்கெட்டை வாங்கினான். எலும்பு பலமாக வளரும் என்று கடைக்காரர் ஒரு கால்சியம் டானிக்கையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அன்று இரவு கிண்ணம் நிறையப் போட்டோம். முத்துவும் ஆசையாகத் தின்றது. விடிவதற்குள் நான்கு முறை தண்ணீராகப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் தயிர் சாதம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். பசும்பால் ஊற்றினோம், இன்னும் மோசமானது. மகன் வேறு கம்பெனி பாக்கெட் வாங்கி வந்தான். கடைக்காரர் அதுவும் வேண்டாம் என்று மூட்டையிலிருந்து ஒரு கிலோ அள்ளிக் கொடுத்தார். ஆறு நாளில் ஐந்து சாப்பாடு. எல்லாமே அதற்கு நல்லது என்று நம்பித்தான் கொடுத்தோம். ஏழாம் நாள் காலையில் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கால்நடை மருத்துவர் முதலில் பஞ்சுக் குச்சியில் மலம் எடுத்து, குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் இருக்கிறதா என்று சோதித்தார். நல்லவேளை, இல்லை. அடுத்து அவர் கேட்டது, "முதலில் இருந்த இடத்தில் என்ன சாப்பிட்டது, அம்மா?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அங்கேயே நின்று விற்றவருக்குப் போன் செய்தோம். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுத்தாராம். கடைசி ஐந்து நாளாக அதில் ஒரு குறிப்பிட்ட டாக் ஃபுட்டை ஊறவைத்துக் கலந்தாராம். கேட்ட உடனே கடகடவென்று சொன்னார். இதையே ஒரு தாளில் எழுதி அன்றைக்கே கொடுத்திருந்தால் அந்தக் குட்டி இந்த வேதனையைப் பட்டிருக்காது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தாயையும் கூடப் பிறந்தவற்றையும் பிரிந்து, புது வீடு, புதுத் தண்ணீர் என்று குட்டி ஏற்கெனவே மிரண்டு போயிருக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டையும் ஒரே நாளில் மாற்றினால் குடல் தாங்காது. தாய்ப்பால் மறக்கும் வயதில் பாலைச் செரிக்கும் சக்தியும் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் விற்றவர் கொடுத்து வந்த அந்தக் கஞ்சிக்கே திரும்புங்கள், மலம் கெட்டியான பிறகு புதியதைத் தொடங்குங்கள் என்றார். பூச்சி மருந்தும் கொடுத்தார்.

நான் அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் எழுதி வைத்துப் பழக்கம். தேதி கிழிக்கும் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை கரண்டி, மலம் எப்படி என்று குறித்து வந்தேன். முதல் மூன்று நாள் பழையது மூன்று பங்கு, புதியது ஒரு பங்கு. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அப்புறம் புதியது மூன்று பங்கு, பழையது ஒரு பங்கு. பத்தாம் நாள் முழுக்கப் புதியது. இதுதான் டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் மறுபடி இளகியது. பயந்து சாப்பாட்டை மாற்றாமல், முந்தைய அளவுக்கே திரும்பி மூன்று நாள் வைத்திருந்தோம். சரியாகிவிட்டது. மொத்தம் 14 நாள் ஆனது.

எந்தப் பாக்கெட்டை வாங்குவது என்பதிலும் நாங்கள் விலையை மட்டும்தான் பார்த்திருந்தோம். 'பப்பி' அல்லது 'குரோத்' என்று போட்டிருக்க வேண்டும், அதை மட்டுமே கொடுத்தாலும் போதும் என்று பொருள்படும் 'கம்ப்ளீட்' என்ற சொல்லும் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கு நடுவே கொறிக்கக் கொடுக்கும் தீனியும் அதே மாதிரி பாக்கெட்டில் வருகிறது. அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. லேப்ரடார் பெரிய உடம்புக்காரன் என்பதால் பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட்டே பொருத்தம். அதில் கால்சியத்தை அளந்து வைத்திருப்பார்கள். தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்த இளங்குட்டியின் குடலுக்குத் தெரியாது. அது உடம்பில் ஏறி எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். டானிக்கை அன்றே நிறுத்தச் சொன்னார். சோறும் கறியும் மட்டும் போட்டால் நேர்மாறாக நடக்கும். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வீட்டுச் சாப்பாட்டில் வளர்க்கவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்டு அளவு போட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்றார். தயிர் சாதம் மட்டும் போட்டால் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது.

மூட்டையிலிருந்து லூஸாக விற்கும் டாக் ஃபுட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலாவதித் தேதி தெரியாது, எந்த வயது நாய்க்கானது என்று தெரியாது, எடைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற அட்டவணையும் கைக்கு வராது. மழைக்காலத்தில் திறந்த மூட்டையில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். பணம் குறைவு என்றால் சின்னப் பாக்கெட்டாகவாவது மூடியதை வாங்குங்கள்.

எங்கள் கதையைப் படித்துவிட்டு எல்லா வயிற்றுப்போக்கும் சாப்பாட்டால்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாந்தி, மலத்தில் ரத்தம், சோர்வு, சாப்பிட மறுப்பது இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பார்வோ வந்தால் சில நாட்களில் உயிரே போய்விடும். நாங்கள் ஆறு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தது பெரிய தவறு.

2017ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை அப்புறம்தான் தேடிப் படித்தேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. எட்டு வாரம் என்றால் 56 நாள். குட்டிக்கு என்ன சாப்பாடு, எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது, தடுப்பூசி, பூச்சி மருந்து விவரம் என்ன என்பதையெல்லாம் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் 45 நாள் என்பதே வழக்கமாகிவிட்டது. 11 நாள் கூடுதலாகத் தாயிடம் இருந்தால் குட்டி திட உணவுக்கு நன்றாகப் பழகியிருக்கும்.

குட்டி விற்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டிலேயே ஒரு வாரத்துக்கானதைப் பொட்டலம் கட்டிக் கூடவே கொடுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும்போது இது பெரிய செலவே இல்லை. உங்கள் விளம்பரப் பிரிவும், 45 நாள் என்று எழுதி வருபவர்களிடம் இந்த விதியைச் சொல்லி, 56 நாள் ஆன பிறகே விளம்பரத்தை ஏற்க வேண்டும்.

முத்துவுக்கு இப்போது ஏழு மாதம், 22 கிலோ. அந்தக் காலண்டர் தாள்களை நகல் எடுத்து, குட்டி வாங்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து வருகிறேன். உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
திண்டுக்கல்.