மீட்டர் வந்தது, ஸ்ட்ரிப் வரவில்லை

கிழக்கு மாகாண ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசோதனைப் பொருட்கள் வாங்க முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடமாகிறது. ரத்தம் பார்க்க வேண்டுமென்றால் விடிய வெறும் வயிற்றோடு வாவிக்கு அந்தப் பக்கம் போவார். கியூவில் நின்று ரத்தம் கொடுத்து முடித்தால்தான் ஒரு பிளேன்ரீ. ரிப்போர்ட் எடுக்க இன்னொரு நாள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் நேரம் மிச்சமானது. பசியும் கியூவும் அப்படியேதான்.

அப்புறம் எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு யாரோ அன்பளிப்பாக ஒரு சீனி மீட்டர் கொடுத்தார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு பொட்டு ரத்தம், சில செக்கனில் இலக்கம். அம்மா அன்று வீட்டுக்கு வந்து சொன்னது: "பஸ் காசு மிச்சம்."

நாலு மாதம்கூட ஆகவில்லை, ரத்தப் பொட்டை வைத்து மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் முடிந்துவிட்டது. மீட்டர் மேசை லாச்சியில் கிடக்கிறது. அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரிப் இருக்கிறதாம், ஆனால் அது வேறு கம்பனியுடையது, இந்த மீட்டரில் வேலை செய்யாது.

ஸ்ட்ரிப் என்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு இல்லை. அதன் நுனியில் குளுக்கோஸ் ஒக்சிடேஸ் போன்ற ஒரு நொதியத்தைக் காயவைத்துப் பூசியிருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கிற சீனி அதில் பட்டதும் எதிர்மின்னிகள் கைமாறி மெல்லிய மின்னோட்டம் ஓடும். சீனி கூடினால் ஓட்டமும் கூடும். நொதியத்தையும் மின்வாயையும் சேர்க்கும் இந்த யோசனையை லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இலேயே எழுதிவிட்டார்கள். ஆக, சீனியை அடையாளம் காண்கிற வேலை ஸ்ட்ரிப்பில்தான் நடக்கிறது. மீட்டர் கணக்கப்பிள்ளை மாதிரி, வந்ததை எண்ணிச் சொல்லும். கணக்கப்பிள்ளையை இலவசமாகத் தந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மாதாமாதம் செலவு வைப்பது ஸ்ட்ரிப்தான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். எந்த மீட்டரை ஏற்றுக்கொள்வதென்றாலும், விலைக்கோ அன்பளிப்போ, அதற்கான ஸ்ட்ரிப் வருடம் முழுக்க எங்கிருந்து வரும் என்று முதலில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் மாவட்டம் முழுக்க ஒரே வகை மீட்டர் கொடுங்கள். அப்போது வவுணதீவில் ஸ்ட்ரிப் தீர்ந்துபோனால் வெல்லாவெளியிலிருந்து ஒரு போத்தல் ஸ்ட்ரிப் கடன் வாங்கலாம்.

போத்தல் என்றதும் இன்னொன்று. ஸ்ட்ரிப்புக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. பெரும்பாலான போத்தல்களில் 30 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக் களஞ்சியம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? மூடியைத் திறந்த பிறகு பல வகைகளுக்கு ஆயுள் சில மாதம்தான். சின்ன ஆஸ்பத்திரிக்குச் சின்னப் போத்தலாக அனுப்புங்கள். மீட்டர் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கிற கட்டுப்பாட்டுத் திரவத்தையும் மறக்க வேண்டாம். அதை நான் ஒருநாளும் அங்கே கண்டதில்லை.

பழக்கவும் வேண்டும். ஒருநாள் அம்மாவுக்கு 312 என்று காட்டியது. தாதி மிஸ்ஸி பதறவில்லை, "கையைக் கழுவிட்டு வாங்க அம்மா" என்றார். திரும்பக் குத்தியபோது 148. விடிய பேரனுக்கு மாம்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்! அந்த மிஸ்ஸி மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வருகிறவருக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது?

மீட்டர் வந்தால் ஆய்வுகூடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரத்தச்சோகை உள்ள தாய்மாருக்குப் பல மீட்டர்கள் சீனியைக் கூட்டிக் காட்டும். புதிதாக ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று முடிவு சொல்ல நாளத்து ரத்தம்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே வருத்தக்காரரானவரின் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ ஊரில் ஒரு சொட்டு போதும் என்றுதான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய். விடிய பஸ்ஸுக்கு இப்போதே சில்லறை எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
படுவான்கரை மகள் ஒருத்தி