தூக்குக் கோஷம் யாருக்கு உதவுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலை வழக்கில் தேடப்பட்டவர் வெளிநாட்டில் பிடிபட்டார் என்று செய்தி வந்தால் போதும், இரண்டு குரல்கள் கிளம்பிவிடுகின்றன. 'இன்னும் ஏன் இழுத்து வரவில்லை?' என்பது ஒன்று. 'வந்ததும் தூக்கில் போடு' என்பது இன்னொன்று. இரண்டாவது குரல் ஓங்க ஓங்க, ஆள் வந்து சேரும் நாள் தள்ளிப்போகிறது.

மரண தண்டனையை ஒழித்த நாடுகள், தூக்கு இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதி இல்லாமல் பொதுவாக ஆளை அனுப்புவதில்லை. 1985இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த இரட்டைக் கொலையில் தேடப்பட்ட யென்ஸ் சோரிங், மறு ஆண்டு இங்கிலாந்தில் சிக்கினார். மரண தண்டனைக் கைதியாக அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், அவரை அப்படியே அனுப்புவது மனிதத்தன்மையற்றது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1989இல் சொன்னது. அமெரிக்கா உறுதி கொடுத்தது, 1990இல் ஒப்படைத்தார்கள், இரண்டு ஆயுள் தண்டனை விழுந்தது. நம் நாட்டு 1962ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டத்தின் 34சி பிரிவும் இதற்கு வழி செய்திருக்கிறது. ஒப்படைக்கும் நாட்டில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை இல்லையென்றால், இங்கும் ஆயுள் தண்டனை மட்டுமே.

சட்டம் இப்படி இருக்க, அதிகாரத்தில் உள்ளவர் மேடையேறி 'தூக்கு வாங்கித் தருவோம்' என்று முழங்கினால் என்ன ஆகும்? அந்தப் பேச்சு மொழிபெயர்ப்போடு எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வழக்கு ஆவணங்களில் சேர்ந்துவிடும். பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டப்படி, இனம், மதம், அரசியல் கருத்து காரணமாக விசாரணையில் பாரபட்சம் வரும் என்று காட்டினாலே ஆளை அனுப்ப முடியாது. மனித உரிமை மீறல் தனித் தடை. கூட்டத்தின் ஆவேசம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆவணம்.

கைதானவரின் படத்தை வெளியிடும் விஷயத்தில் நஷ்டம் இன்னும் நேரடியானது. சாட்சிக்கு முன்பின் தெரியாத ஆள் என்றால் அடையாள அணிவகுப்பு (பலரை வரிசையில் நிறுத்தி, ஆளைக் காட்டச் சொல்வது) நடத்த வேண்டும். அதற்குள் அவர் முகம் எல்லாத் திரைகளிலும் ஓடிவிட்டால், குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி: 'இந்தப் படத்தை முன்பே செய்தியில் பார்த்தீர்களா?' 'பார்த்தேன்' என்று சாட்சி சொன்ன நிமிடத்தில் அணிவகுப்பின் மதிப்பு பாதிக்கு மேல் போய்விடும். (முன்பே பழகிய ஆள் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.)

தாமதத்துக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. தற்காலிகக் கைதுக்குப் பின் முறையான கோரிக்கை குறித்த கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். வெளிநாடு கேட்டு இங்கே பிடிபடுபவருக்கு நம் சட்டத்தில் அது 60 நாள். பிடியாணை, சட்டப் பிரிவுகளின் வாசகம், சாட்சி வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆளை உறுதிப்படுத்தும் கைரேகையும் படமும், எல்லாவற்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு. முதல் தகவல் அறிக்கையில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு வேறு எழுத்துக்கூட்டல் என்றால், 'தேடப்படுபவர் நானில்லை' என்ற வாதத்துக்கு அதுவே போதும். கேட்கும்போது காட்டாத குற்றத்தைப் பின்னால் சேர்ப்பதும் ஆபத்து. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேம் 2005இல் போர்ச்சுகலிலிருந்து கொண்டுவரப்பட்ட பிறகு கூடுதல் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஒப்படைப்பு நிபந்தனை மீறப்பட்டது என்று போர்ச்சுகல் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்று அன்று கொடுத்த வாக்குக்கு அரசு கட்டுப்பட்டது என 2022இல் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வெளிநாட்டு நீதிபதி விடுவித்தால் 'கொலைகாரனுக்கு விடுதலை' என்று தலைப்புப் போடுகிறோம். அவர் பார்ப்பது ஆளை அனுப்பலாமா என்பதை மட்டும். கொலை செய்தாரா இல்லையா என்பது அங்கே தீர்மானமாவதே இல்லை. குறை நீக்கிப் புதிய கோரிக்கை அனுப்பப் பெரும்பாலும் இடமுண்டு.

மக்கள் பங்குக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2003இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 17 வயதுப் பெண் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர் இந்தியாவுக்கு ஓடிவந்துவிட்டார். பெண்ணின் பெற்றோர் இங்கே வந்து கேட்டது தகவலை. 2004இல் அவர் டார்ஜிலிங் மலைப் பகுதியில் பிடிபட்டார். வழக்கு இழுத்து 2007இல்தான் அனுப்பப்பட்டார். மறு ஆண்டு அங்கே ஆயுள் தண்டனை. துப்புக் கிடைக்கும்வரை படத்தைப் பரப்புவது உதவி. கைதான பின் அதே படத்தைப் பரப்புவது உபத்திரவம்.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கைதுக்குப் பின், அடையாள அணிவகுப்பு முடியும்வரை முகத்தை மறைத்து வெளியிடுங்கள். தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள். 'எப்போது தூக்கு?' என்று அமைச்சரிடம் கேட்கும் நிருபர், 'கோரிக்கை எந்தத் தேதியில் போனது, மொழிபெயர்ப்பு முடிந்ததா?' என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்