‘இரண்டாவது நிலா’ என்ற தலைப்பு குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில் தங்கள் நாளிதழ் உட்படப் பல இதழ்களில் ‘பூமிக்கு இரண்டாவது நிலா, 2083 வரை நம்முடன் இருக்கும்’ என்ற பொருள்பட வந்த செய்தியில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விளாங்குடியில் என் வீட்டில் மாலை வேளையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். செய்தி வந்த அன்று ஒரு பையன் நாளிதழை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறி, ஐப்பசி மேகம் விலகும்வரை காத்திருந்து, கிழக்கே தெரிந்த சனிக்கோளைக் காட்டி “அதுதானே மிஸ்?” என்று கேட்டார்கள். செய்தியோடு வந்த படத்தில் நிலவுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவில் இன்னொரு நிலவு வரையப்பட்டிருந்ததால், பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை.

செய்திக்குரிய பொருள் 2025 பி.என்.7 என்னும் சிறுகோள். ஹவாய்த் தீவுகளில் ஹலியாகலா மலைமீதுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி 2025 ஆகஸ்டில் அதைக் கண்டது. அந்தப் பெயரே ஒரு சிறு கணக்குதான். ஆங்கில ‘ஐ’ எழுத்தை விட்டுவிட்டு மாதத்துக்கு இரண்டு எழுத்தாக எண்ணினால் ‘பி’ ஆகஸ்டின் முதற்பாதியைக் குறிக்கும். அடுத்த ‘என்’ பதின்மூன்றாம் எழுத்து. 7 என்பது இருபத்தைந்து எழுத்துகளும் ஏழு முறை தீர்ந்துவிட்டதைக் காட்டும். ஆக, அந்த அரைமாதப் பட்டியலில் இது 188-ஆவது. (இந்தக் கணக்கைப் பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் போட்டுவிட்டார்கள்.) அதன் குறுக்களவு ஏறத்தாழ 20 மீட்டர் என்று அதன் ஒளியைக் கொண்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம். அதில் பாதியைக்கூட இந்தக் கல் எட்டாது. நிலவின் குறுக்களவான 3,474 கிலோமீட்டரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் அது. வெறுங்கண்ணுக்கு அது தெரிய வழியே இல்லை.

அளவு சிறியது என்பதற்காக மட்டும் அதை நிலா அல்ல என்று நான் சொல்லவில்லை. பூமியின் ஈர்ப்பு, சூரியனின் ஈர்ப்பையும் மீறி ஒரு பொருளைத் தன்னைச் சுற்றிவரச் செய்யக்கூடிய எல்லை ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர். சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவு அந்த எல்லைக்குள் பத்திரமாக இருக்கிறது. இந்தச் சிறுகோளோ பூமிக்கு மிக அருகில் வரும்போதும் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர் தள்ளியே நிற்கிறது. அது சுற்றுவது சூரியனை. பூமியைப் போலவே ஏறத்தாழ ஓராண்டில் ஒரு சுற்று. பிறகு ஏன் நம்மைச் சுற்றுவதாகத் தோன்றுகிறது என்பதுதான் பிள்ளைகளின் அடுத்த கேள்வியாக இருந்தது.

நானும் என் தங்கையும் சித்திரை வீதிகளில் கோயிலை வலமாகச் சுற்றி நடப்பது வழக்கம். நான் தெருவின் நடுவில் ஒரே சீராக நடப்பேன். அவள் கோயில் மதிலை ஒட்டி நடக்கும்போது எனக்கு வலப்புறமாக விரைந்து முன்னே போய்விடுவாள். பிறகு என் எதிரே குறுக்காகக் கடந்து இடப்புறமுள்ள கடைகளின் பக்கம் போய், வளையலையும் பாசிமணியையும் பார்த்துப் பார்த்து நடந்து பின்தங்குவாள். மறுபடியும் என் முதுகுப் பக்கமாகவே மதிலுக்கு வந்து சேருவாள். ஒரு சுற்று முடியும்போது இருவரும் சேர்ந்தே கிழக்குக் கோபுரத்தின் முன் நிற்போம். நாங்கள் இருவரும் சுற்றியது கோயிலைத்தான்; ஆனால் என் கண்ணுக்கு அவள் என்னை ஒருமுறை இடமாகச் சுற்றி வந்தது போலவே இருக்கும். கோயிலைச் சூரியனாகவும் என்னைப் பூமியாகவும் கொண்டால், அவளே 2025 பி.என்.7. அதன் பாதை பூமியின் பாதையைப் போல ஏறக்குறைய வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாக இருப்பதால், சூரியனை நெருங்கும்போது வேகமெடுத்து முந்துகிறது, விலகும்போது தயங்கிப் பின்தங்குகிறது. நிலவு அப்படியன்று, அது இடுப்பில் இருக்கும் குழந்தை.

மேலும், 2025-இல் புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. கணக்கீடுகளின்படி இந்தச் சிறுகோள் 1960-களிலிருந்தே இவ்வாறு நம்மோடு நடந்து வருகிறது. நாம் பார்த்ததுதான் புதிது. 2083 வாக்கில் அது சிதறிப்போவதோ பூமிமீது விழுவதோ இல்லை. இந்த ஒழுங்கு கலைந்து, சூரியனைச் சுற்றிக்கொண்டே குதிரை லாட வடிவப் போக்குக்கு மாறி நம்மிடமிருந்து விலகிச் செல்லும். பூமியை ஒத்த பாதை கொண்ட இத்தகைய சிறுகோள்களை ‘அர்ச்சுனா’ வகை என்று வானியலாளர்கள் அழைக்கிறார்கள். அல்லியின் கதை கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு அர்ச்சுனன் இவ்வூர் மருமகன். அவனும் ஓரிடத்தில் தங்கியவன் அல்லன்.

சில இதழ்கள் ‘போலித் துணைக்கோள்’ என்று எழுதின. அதில் தவறில்லை என்றாலும், ‘போலி’ என்றவுடன் யாரோ ஏமாற்றியதாகத் தொனிக்கிறது. ‘உடன்சுற்றுச் சிறுகோள்’ என்பது என் பரிந்துரை; இதைவிட நல்ல சொல் கிடைத்தால் அதையே ஏற்கலாம். இதே வகையைச் சேர்ந்த, 2016-இல் கண்டறியப்பட்ட கமோவாலேவா என்னும் சிறுகோளிலிருந்து மண்ணெடுத்து வருவதற்காகச் சீனா 2025 மே மாதம் தியான்வென்-2 விண்கலத்தை ஏவியிருக்கிறது. அதைப் பற்றிய செய்தியை வெளியிடும்போதாவது தலைப்பில் ‘நிலா’ என்ற சொல்லைத் தவிர்த்து, படத்தை வரைபவரிடம் அளவையும் தொலைவையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
விளாங்குடி, மதுரை.