ஒரு சைபர் குறைந்த மிக்ஸி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடையில் 3,490 ரூபாய் மிக்ஸிக்குத் தவறுதலாக 349 என்று விலை போட்டிருந்ததையும், சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து 6 மிக்ஸி வாங்கி வந்ததையும் சென்ற இதழில் ஒரு வாசகர் பெருமையாக எழுதியிருந்தார். 'அவங்க தப்புக்கு நான் என்ன செய்ய முடியும்?' என்று கேள்வி வேறு. முதல் மிக்ஸிக்கு அந்தக் கேள்வி சரி. இரண்டாவதற்குக் கை நீட்டும்போது அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதே!

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) மாட்டுத் தரகர். சிறுவயதில் அவரோடு ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போவேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஒரே விரல் நூறாகவும் இருக்கும், ஆயிரமாகவும் இருக்கும். மாட்டைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒருநாள் விற்க வந்தவர் ஒரு விரலைக் குறைத்துப் பிடித்துவிட்டார். அப்புச்சி துண்டை எடுத்து உதறிவிட்டு, "ஏனுங்க மாப்ளே, நல்லா யோசிச்சுப் புடிங்க" என்றார். அப்புச்சி வாங்குகிறவர் பக்கத் தரகர். அவரைக் கூட்டி வந்தவருக்கு முகம் கறுத்துப்போனது. வழியில் காரணம் கேட்டேன். "அடுத்த வாரமும் இதே சந்தைக்குத்தான கண்ணு வரோணும்" என்றார்.

இன்றைய பெரிய கடைகளில் அந்த அடுத்த வாரம் கிடையாது. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆனால் பில் போடுகிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நானே ஈரோட்டில் ஜவுளிக்கடையில் 8 வருடம் பில் போட்டவன். கணக்கு உதைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு தீபாவளி நெரிசலில் நான் தொலைத்த 640 ரூபாயை முதலாளி பார்த்திருக்கவே மாட்டார். என் வீட்டில் அந்த மாதம் நன்றாகவே தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் நண்பரைக் கேட்டேன். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 22ஆவது பிரிவின்படி, ஒரு தரப்பு மட்டும் விவரம் தெரியாமல் தவறிவிட்டது என்பதற்காகவே ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாதாம். மிக்ஸிக்காரர் சந்தோஷப்படலாம். ஆனால் தவறுதலாகக் கைக்கு வந்த பணத்தையோ பொருளையோ திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 72ஆவது பிரிவு சொல்கிறது. எது எங்கே பொருந்தும் என்று கோர்ட்டில் நாள்கணக்காகப் பேசலாம் என்று சிரித்தார்.

கடைக்காரர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. அட்டையில் 85 என்று எழுதிவிட்டு பில்லில் 98 போடுவார்கள். கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தாங்க காட்டுது" என்பார்கள். நமக்குச் சாதகமாக சிஸ்டம் தப்பும்போது மட்டும் ஓடி வருவார்கள். இந்த எரிச்சல்தான் அந்த 6 மிக்ஸிக்கும் காரணம் என்பது எனக்குப் புரிகிறது.

போன மாதம் எனக்கும் நடந்தது. குக்கர் வாங்கி, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பில்லைப் பார்த்தேன். 1,000 ரூபாய் குறைவு. மறுநாள் கோபியிலிருந்து ஈரோட்டுக்குத் திரும்பப் போனேன். மேனேஜரைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம். வந்தவர் நன்றி சொல்லவில்லை. விலை ஸ்டிக்கரை நான் மாற்றி ஒட்டினேனா என்று கேட்டார். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். பில் போட்ட பெண் மட்டும் லிஃப்ட் வரை கூடவே வந்து, "பார்த்துப் போங்கண்ணா" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்