அடிமனை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம், மாடிப்படி ஏறிவிடுகிறாள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே, நீ வேலை பார்க்கும் இணையக் கம்பெனியைப் பற்றி ஒன்று சொன்னாய். “நாங்க யாரையும் கையப் பிடிச்சு இழுக்கலப்பா. ஓசியிலதான் குடுக்குறோம். பிடிக்கலன்னா விட்டுட்டுப் போகலாமே.” அப்போது எனக்குப் பதில் வரவில்லை. உன்னை பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த ராத்திரியிலிருந்து அதே நினைப்பு. போனில் சொன்னால் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியும். சுவரும் ஓடும் நம்முடையவை, மனை கோயிலுக்குச் சொந்தம். உன் தாத்தா காலத்திலிருந்து அடிமனை வாடகை கட்டி வருகிறோம். நீ ஏழாவது படிக்கும்போது வாடகையை ஒரேயடியாக ஏற்றினார்கள். தெருவே திரண்டு போய் அலுவலகத்தில் நின்றது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். அவர் கத்தினார், நாங்களும் கத்தினோம். மனு கொடுத்து, நகலில் சீல் குத்தி வாங்கினோம். ஆறு மாதம் அலைந்தபின் கொஞ்சம் குறைத்தார்கள்.

போன தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது திருபுவனத்திலிருந்து ஒரு பெண் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். புருஷன் பட்டு நெய்கிறவர். அவர் தறியில் இருப்பார், இவள் புடவையைப் பிரித்து வெயிலில் பிடித்துப் படம் எடுத்து ஒரு சமூக வலைத்தளத்தில் போடுவாள். ஐந்து வருஷத்தில் பதினோராயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். சேலம், கோயம்புத்தூர், மலேசியா என்று ஆர்டர் வரும். ஒருநாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விதிமீறல் என்று ஒரே வரி. எந்த விதி, எந்தப் படம், ஒன்றும் இல்லை.

மஞ்சப்பையிலிருந்து ஆதார், நெசவாளர் அட்டை, ஜி.எஸ்.டி. தாள் எல்லாவற்றையும் எடுத்து என் மேஜையில் பரப்பினாள். நான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, “பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை” என்று பதில் வந்தது. நாலு நிமிஷத்தில் எந்த மனுஷன் பரிசீலிப்பான்? இன்னொரு முறை அனுப்பினோம். அதே வாசகம். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இவங்க ஆபீஸ் எங்கண்ணே இருக்கு? நான் நேர்ல போயி பேசிட்டு வந்துடறேன்.”

முப்பது வருஷமாக இந்த ஊரில் எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், எதற்கும் எந்த ஆபீஸ், எந்த ஜன்னல் என்று சொல்லத் தெரியும். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு முகவரி இல்லை.

பிறகு தேடினேன். நம் நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் இந்தியாவில் ஒரு குறைதீர்க்கும் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 24 மணி நேரத்தில் சொல்லி, அப்போது இருந்த விதிப்படி 15 நாளில் முடிவு சொல்லியிருக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால், 2023-ல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். அலுவலரின் மின்னஞ்சலைக் கண்டுபிடித்து எழுதினோம். பதினைந்து நாள் கழித்து அதே வாசகம் வந்தது. மேல்முறையீடு போட்டு முடிப்பதற்குள் தீபாவளி போய்விட்டது. நெய்த புடவைகளைப் பாதி விலைக்கு வியாபாரியிடம் கொடுத்தார்கள். கார்த்திகையில் கணக்கு தானாகத் திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது, இன்றுவரை தெரியாது.

விட்டுட்டுப் போகலாமே என்றாயே, எங்கே போவாள்? அந்தப் பதினோராயிரம் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். கடையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனால் பழகினவர்கள் தேடி வருவார்கள். இங்கே யார் பழகினவர்கள் என்கிற கணக்கே நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்கும் இதுதான் கதி. 2024 மார்ச் முதல் தேதி, கட்டணத் தகராறில் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து பல இந்திய நிறுவனங்களின் ஆப்களை நீக்கியது. சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. அவர்களிடம் வக்கீல் இருந்தார்கள், பத்திரிகைகள் எழுதின, மத்திய அமைச்சர் தலையிட்டார், சில நாட்களில் ஆப்கள் திரும்பின. திருபுவனத்துக்காரிக்கு எந்த அமைச்சர் வருவார், சொல்லு.

நான் இந்தக் கம்பெனிகளுக்கு விரோதி இல்லை கயல். 2001-ல் உன் அம்மாவின் வளையலை அடகு வைத்து ஆறு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர் போட்டவன். மணிக்கு முப்பது ரூபாய். பிளைவுட் தடுப்புக்குள்ளே பிள்ளைகள் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நான் வெளியே டோக்கன் நோட்டில் நேரம் எழுதுவேன். நீ அந்த நோட்டின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டுப் பழகினாய். உன் காலேஜ் ஃபீஸ் அந்தக் கடையில் வந்த காசு. அந்த ஆர்குட்டை 2014 செப்டம்பரில் கூகுள் மூடியது. மூடியபிறகும் இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்து, எழுதியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது நியாயம். ஆனால் எத்தனை பேருக்கு அது காதில் விழுந்திருக்கும்?

ஓசி என்பதற்கு வருகிறேன். 2015-ல் ஃபேஸ்புக் ஓசி இன்டர்நெட் கொடுக்க வந்தபோது, தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் சேர்த்துக்கொண்ட தளங்கள் மட்டும் இலவசம், மற்றதற்குக் காசு. ஏழைக்கு வேண்டாமா என்று நானே கேட்டேன். நீதான், காலேஜில் படித்துக்கொண்டே, எனக்கு விளக்கினாய்: ஏழை பார்க்கும் இன்டர்நெட் எது என்பதை ஒரு கம்பெனி முடிவு செய்யும் அப்பா என்று. என் கடையில் உட்கார்ந்துதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினாய். 2016 பிப்ரவரி 8-ம் தேதி டிராய் அதற்குத் தடை போட்டது. அன்றைக்கு நீ அம்மாவிடம் கேசரி கிளறச் சொன்னாய். அன்றைய அந்தக் கயல் எங்கே என்றுதான் பொங்கலன்று உன்னைக் கேட்கத் தோன்றியது.

யு.பி.ஐ.யைப் பார். டீக்கடைக்காரர் ஒரு ஆப், நான் வேறு ஆப், பணம் போய்ச் சேருகிறது. ஒன்று படுத்தால் இன்னொன்றில் போடலாம். அங்கே அடிமனை ஒரு ஆப்புக்குச் சொந்தமில்லை, பொது. அதிலும் பரிவர்த்தனையில் ஏறக்குறைய எண்பது சதவீதம் போன்பே, கூகுள் பே இரண்டிடமும்தான். ஒரு ஆப்புக்கு முப்பது சதவீதம்தான் என்று 2020-ல் வரம்பு சொன்னார்கள். கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 கடைசிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பொது மனையிலும் கண் வைத்திருக்கத்தான் வேண்டும்.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. நீ உள்ளே இருப்பது எனக்கு தைரியம். கணக்கை முடக்குவதற்கு நிரல் எழுதும் கூட்டத்தில் நீயும் உட்காருகிறாய் என்று சொன்னாயே, அடுத்த கூட்டத்தில் ஒன்று கேள். எந்த விதி என்று சொல்லாமல் முடக்கலாமா? பிழைப்பே அதில் இருக்கிறவர்களுக்கு ஒரு மனுஷக் குரலாவது கிடைக்குமா? கோபித்தால் கோபிக்கட்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார வேண்டும் அம்மா.

திருபுவனத்துப் பெண் இப்போது ஒரு நீளவாக்கு நோட்டு வைத்திருக்கிறாள். வாங்குகிறவர்கள் பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் கையால் எழுதிக்கொள்கிறாள். அம்மா உனக்கு அவளிடம் ஒரு அரக்குப் புடவை எடுத்திருக்கிறாள், பார்சலில் வருகிறது. உன் நம்பரையும் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் எடுத்துப் பேசு.

அன்புடன்,
அப்பா